ஊர் விட்டு வந்தவர் தந்த நகை



மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நம்மிடம், பெயர்ப்பதற்கு மிக அரியது எது என்று சிலர் கேட்பதுண்டு. சட்ட நூல் என்றோ தத்துவ நூல் என்றோ விடை கூறுவோம் என எதிர்பார்ப்பார்கள். உண்மையில் மிக அரியது ஒரு சிறு நகைச்சுவைத் துணுக்கே ஆகும். வரவு செலவுத் திட்ட உரையை ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குக் கொண்டு சென்றுவிடலாம். சிலேடை ஒன்றைக் கொண்டு செல்வது எளிதன்று. விளக்கம் கூறிச் சிரிக்க வைத்தால், கேட்பவர் மரியாதைக்குச் சிரிப்பாரேயன்றி மனமாரச் சிரிக்க மாட்டார்.

அங்ஙனமிருக்க, ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன் ஹாலிவுட்டில் எடுக்கப்பட்ட சில நகைச்சுவைப் படங்கள் எந்த நாட்டவரையும் இன்றளவும் சிரிக்க வைக்கின்றனவே, அதன் காரணம் யாது? இதைப் பற்றியே இன்று உங்களுடன் சிறிது பேச விரும்புகிறோம்.

நாம் வேலை கிடைத்துத் தில்லிக்கு வந்த முதற் குளிர்காலம் அது. ஒரு ஞாயிறு மாலை, குடியிருப்புச் சங்கத்தார் சமுதாயக் கூடத்தில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டினார்கள். ஒருபுறம் பஞ்சாபியர், மறுபுறம் வங்காளியர். நமக்கோ காய்கறிக்காரரிடம் விலை கேட்கும் அளவுக்கே இந்தி தெரியும். அதை நாம் உச்சரித்த விதத்தைக் கேட்டுச் சிரித்தவர்களும் அக்கூட்டத்தில் இருந்தார்கள். அன்று காட்டிய படம் சார்லி சாப்ளினின் 'தி இமிக்ரண்ட்'. குடியேற வந்தவன் என்பது அப்பெயரின் பொருள். 1917ஆம் ஆண்டில் வெளிவந்த அப்படம் அரை மணி நேரங்கூட ஓடாது. அந்தச் சிறு பொழுதில், நம்மைப் பார்த்துச் சிரித்தவர்களும் நாமும் முதன்முறையாக ஒன்றாகச் சிரித்தோம்.

படத்தின் கதை இதுதான். ஆடி அசையும் கப்பலில் ஏழைகள் கூட்டமாக அமெரிக்கா செல்கிறார்கள். சுதந்திர தேவியின் சிலை கண்ணுக்குத் தெரிந்ததும் அனைவரும் அதனை ஆவலோடு நோக்குகிறார்கள். உடனே அதிகாரிகள் அவர்களைக் கயிறு கட்டி ஒதுக்கி நிறுத்துகிறார்கள். பிறகு நகரத்தில் ஓர் உணவு விடுதி. தெருவில் கண்டெடுத்த நாணயத்தை நம்பிச் சாப்ளின் உள்ளே நுழைந்து உண்கிறான். பத்துக் காசு குறைந்துவிட்ட ஒருவனைப் பணியாளர்கள் கூடி அடிப்பதைக் காண்கிறான். அச்சத்தோடு தன் சட்டைப்பையைத் துழாவுகிறான்; பையில் ஓட்டை இருக்கிறது, நாணயத்தைக் காணோம். அயலூரில் கையில் காசின்றி உணவு விடுதியில் அமர்ந்திருக்கும் அச்சத்தை விளக்க மொழிபெயர்ப்பாளர் எதற்கு?

தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளுள் நகையையே முதலில் வைத்தார். மெய்ப்பாடு என்பது உள்ளத்து உணர்ச்சி உடலின்கண் வெளிப்படுதல். நகை பிறக்கும் களங்கள் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு என்றும் அவர் வகுத்தார். அவற்றுள் எள்ளல் என்பது பிறரை எள்ளிச் சிரிப்பது மட்டுமன்று. பிறர் நம்மை எள்ளும்போது நாமே சிரிப்பதும் அதனுள் அடங்கும் என்பர் உரை வகுத்தோர். ஊமைப் பட நகைச்சுவைக்கு இதனினும் பொருத்தமான இலக்கணம் கிடைப்பது அரிது. அங்கே எல்லாம் மெய்யிலேயே நிகழ்கிறது. எள்ளப்படுகிறவனே கதைத் தலைவனாகிறான்.

இப்படங்களை எடுத்தவர் யார், முதலில் பார்த்தவர் யார் என்று நோக்கினால், நமக்கு இன்னும் நெருக்கமான செய்தி ஒன்று கிட்டும். 1905ஆம் ஆண்டு தொடங்கி அமெரிக்க நகரங்களில் ஐந்து சென்ட் கட்டணத்தில் சிறு படக்கொட்டகைகள் பெருகின. ஐரோப்பாவிலிருந்து பிழைப்புத் தேடி வந்த தொழிலாளர் பலர் அங்கே கூடினார்கள். அவர்களில் ஆங்கிலம் அறியாதவர்கள் ஏராளம். அத்தகையோரும் பார்த்துச் சிரிக்கும்படியாகவே இக்கலை வளர்ந்தது.

கலைஞர்களும் வெளியூரினரே. 1889இல் பிறந்து இலண்டன் மாநகரின் வறுமையில் வளர்ந்தவர் சாப்ளின். ஏழு வயதிலேயே ஏழையர் விடுதியில் இருந்தவர். 1910இல் அவர் நாடகக் குழு ஒன்றுடன் அமெரிக்கா சென்றபோது, பின்னாளில் ஸ்டான் லாரல் எனப் புகழ்பெற்ற இளைஞரும் அதே குழுவில் இருந்தார். லாரலின் இணையாகிய ஆலிவர் ஹார்டி ஜார்ஜியா மாநிலத்தவர். ஹெரால்டு லாயிட் நெப்ராஸ்கா மாநிலத்தவர். பஸ்டர் கீட்டனோ ஊர் ஊராகச் சென்று நடித்த பெற்றோருக்குக் கான்சாஸ் மாநிலத்தில் வழியிடையே பிறந்தவர். நம்மைப்போல் வேற்று நாட்டிலிருந்தோ வேற்று மாநிலத்திலிருந்தோ கலிபோர்னியாவுக்கு வந்தவர்களே இவர்கள் அனைவரும்.

1923இல் வெளிவந்த லாயிடின் 'சேஃப்டி லாஸ்ட்' படத்தில், உயர்ந்த கட்டடத்தின் கடிகார முள்ளைப் பற்றிக்கொண்டு அவர் தொங்கும் காட்சியை உலகமே அறியும். அவர் அங்கே தொங்க நேர்ந்த காரணத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சிற்றூர் இளைஞன் ஒருவன் நகரத்துக் கடையில் துணி விற்கும் சாதாரண ஊழியனாக இருக்கிறான். ஊரில் காத்திருக்கும் பெண்ணுக்கோ, தான் பெரிய நிலையில் இருப்பதாகக் கடிதம் எழுதுகிறான். அரைப்பட்டினி கிடந்து அவளுக்குப் பரிசும் அனுப்புகிறான். அவள் அதை நம்பி நேரில் வந்து நிற்கும்போது, பொய்யை மெய்யாக்குவதற்காகவே அவன் சுவரேற வேண்டியதாகிறது. "இங்கே யாவும் நலம்" என்று முதல் ஆண்டில் வீட்டுக்கு எழுதிய நம்மில் எத்தனைபேர் அந்தச் சுவரில் சிறிதளவேனும் ஏறியிராதவர்கள்? இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1919இல் நிகழ்ந்த வெடி விபத்தில் வலக் கையின் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் இழந்தவர் லாயிட். கையுறையால் அதை மறைத்துக்கொண்டே அவர் அப்படத்தில் நடித்தார்.

கீட்டன் முகத்தில் சிரிப்பே தோன்றாது. 1928இல் வந்த 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' படத்தில் புயற்காற்றில் ஒரு வீட்டின் முன்சுவர் முழுவதும் அவர்மேல் சாய்கிறது. திறந்திருந்த சாளரத்தின் இடைவெளி சரியாக அவர் நின்ற இடத்தில் வந்து விழ, அவர் அசையாமல் நிற்கிறார். அது உண்மையான கனத்த சுவர்; சற்றுப் பிசகினால் உயிர் போயிருக்கும். இக்கலைஞர்கள் நம் சிரிப்புக்குத் தங்கள் உடலையே பணயம் வைத்தார்கள் என்பதைக் கண் உணர்ந்துகொள்கிறது. படங்கள் பழமையடையாமைக்கு அதுவும் ஒரு காரணம்.

பேசும் படம் வந்தபின் இக்கலைக்குச் சோதனை ஏற்பட்டது. மொழி வந்தது, அதனுடன் மொழி வேலியும் வந்தது. 1930ஆம் ஆண்டையொட்டி லாரலும் ஹார்டியும் தம் படங்கள் சிலவற்றை ஸ்பானியம், பிரெஞ்சு முதலிய மொழிகளில் தாமே மறுபடியும் நடித்தார்கள். அம்மொழிகளை அவர்கள் அறியார். ஒலிப்பை மட்டும் பலகையில் எழுதி வைத்துப் படித்தார்கள். இந்தியைத் தமிழெழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு கடைக்குப் போன நம்மவர் இதைக் கேட்டு ஆறுதல் கொள்ளலாம். 1932இல் வந்த அவர்களுடைய 'தி மியூசிக் பாக்ஸ்' படத்தில் ஒரு பியானோவை நெடிய படிக்கட்டில் அரும்பாடுபட்டு மேலே ஏற்றுகிறார்கள். வண்டியிலேயே வருவதற்குச் சாலை உண்டென்று தபால்காரர் ஒருவர் சொல்ல, அதை மீண்டும் கீழே இறக்கி வண்டியில் ஏற்றிக் கொண்டு வருகிறார்கள். அலுவலகக் கோப்புகளோடு பழகியவர்க்கு இக்காட்சி நன்கு விளங்கும்.

சாப்ளின் மட்டும் நெடுநாள் பேச மறுத்தார். 1931இல் 'சிட்டி லைட்ஸ்' படத்தைப் பேச்சின்றியே எடுத்தார். 1936இல் வந்த 'மாடர்ன் டைம்ஸ்' படத்தில் அவருடைய நாடோடியின் குரல் முதன்முதலாகக் கேட்டது. பாட்டின் வரிகளை எழுதி வைத்திருந்த சட்டைக்கை முனை பறந்து போய்விட, எம்மொழிக்கும் உரியதல்லாத வெற்றொலிகளைக் கோத்து அவர் பாடுகிறார். கைகளும் கண்களும் கதையைச் சொல்லிவிடுகின்றன. மொழிபெயர்ப்பாளராகிய நாம் அக்காட்சியைப் பலமுறை பார்த்திருக்கிறோம். ஒவ்வொரு முறையும் நம் தொழிலின் எல்லை நமக்குப் புலப்படுகிறது.

அவரையும் அந்த நாடு என்றும் தன்னவராகவே கொள்ளவில்லை. 1952இல் அவர் இலண்டனுக்குப் பயணமானபோது, மீண்டும் அமெரிக்கா திரும்பும் உரிமை மறுக்கப்பட்டது. சுவிட்சர்லாந்தில் குடியமர்ந்த அவர், 1972இல் திரைப்படக் கழகத்தின் சிறப்பு விருதைப் பெறவே அங்கே மறுபடியும் சென்றார். குடியேற வந்தவனைக் கயிறு கட்டி நிறுத்தும் காட்சியைத் தம் இருபத்தெட்டாம் வயதில் படமாக்கியவருக்கு அறுபத்து மூன்றாம் வயதில் அதுவே நேர்ந்தது.

அம்மரபு நம் நாட்டிலும் ஒரு கிளை விட்டது. 1987இல் சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கத்தில் கமலஹாசன் நடித்த 'புஷ்பக விமானம்', உரையாடலே இல்லாமல் பெங்களூரில் எடுக்கப்பட்டது. வேலையற்ற இளைஞன் ஒருவனின் கதை அது. தமிழில் 'பேசும் படம்' என்று அதற்குப் பெயரிட்டார்கள். ஒலிமாற்றம் ஏதுமின்றி, பெயர்கள் மட்டும் மாறிப் பல மாநிலங்களிலும் அது ஓடிற்று.

நேயர்களே, நம் உச்சரிப்பையும் உணவையும் உடையையும் பார்த்து அயலார் நகைக்கும்போது நெஞ்சில் சிறிது தைக்கத்தான் செய்கிறது. அதனால் கதவை அடைத்துக்கொண்டு நம்மவரோடு மட்டும் பழகத் தோன்றுகிறது. நாமும் சில காலம் அவ்வாறே இருந்தோம். நம்மை அதிலிருந்து மீட்டது, விழுந்து எழுந்து, தொப்பியின் தூசியைத் தட்டி அணிந்துகொண்டு நடந்துபோகும் அந்தச் சிறு மனிதனே ஆவான். அவன் தன் மானத்தையும் விடுவதில்லை. தன்னைக் கண்டு சிரித்தவரைப் பகைப்பதுமில்லை.

இப்படங்களுட் பல இன்று கைப்பேசியிலேயே காணக் கிடைக்கின்றன. ஆயினும் தனியே இருந்து பார்க்க வேண்டாம். ஒரு விடுமுறை மாலையில் பிள்ளைகளை அமர்த்தி, அண்டை வீட்டாரையும் அழைத்துப் பாருங்கள். யாரும் யாருக்கும் எதையும் பெயர்த்துச் சொல்ல வேண்டியிராது. படம் முடிந்து காப்பி அருந்தும் வேளையில், உங்கள் இந்தியிலோ மராத்தியிலோ பிழை நேர்ந்தாலும் தயங்காமல் பேசுங்கள். அவர்கள் சிரித்தால், சேர்ந்து சிரியுங்கள்.