மிளகுக் கொடியும் நல்ல பூஞ்சையும்

 

கேரளத்தில் வயநாடு, இடுக்கி மாவட்டங்களில் மிளகு முக்கியமான பயிர். ஜூன் மாதம் மழை பிடிக்கும். கூடவே விவசாயிகளுக்குக் கவலையும் பிடிக்கும். கொடியின் அடித்தண்டு அழுகும். இலை வாடி உதிரும். இரண்டு மூன்று வாரத்தில் கொடியே பட்டுப்போகும். நட்ட கொடி காய்ப்புக்கு வர மூன்று ஆண்டு ஆகும். அழிய மூன்று வாரம் போதும்! இதுதான் துரித வாடல் நோய்.

விவசாயி கடைக்கு ஓடுகிறார். "பூஞ்சை மருந்து கொடுங்கள்" என்கிறார். கடைக்காரர் ஒரு பொட்டலத்தை எடுத்துத் தருகிறார். அது கார்பென்டாசிம் மருந்தாக இருந்தால் என்ன ஆகும்?

இந்த நோயை உண்டாக்கும் கிருமி பைட்டோப்தோரா. பார்வைக்குப் பூஞ்சை போல இருக்கும். ஆனால் அது உண்மையான பூஞ்சை அல்ல. ஈர மண்ணில் நீந்திப் பரவும் வேறு இனம். கார்பென்டாசிம் அதைக் கொல்லாது.

வேரைச் சுற்றி டிரைக்கோடெர்மா என்ற பூஞ்சை வளரும். இது நல்ல பூஞ்சை. நோய்க் கிருமியைச் சுற்றிப் பிணைந்து தின்றுவிடும். இது உண்மையான பூஞ்சை. அதனால் கார்பென்டாசிம் பட்டால் செத்துப்போகும். திருடன் தப்பிவிடுகிறான், காவல்காரன் சாகிறான். காசும் போகிறது.

அப்படியானால் மருந்தே வேண்டாமா? வேண்டும். அடைமழையில் நல்ல பூஞ்சை மட்டும் போதாது. பொட்டாசியம் பாஸ்போனேட் என்று ஒரு மருந்து உண்டு. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 3 மில்லி கலக்க வேண்டும். இது நோயை அடக்கும். நல்ல பூஞ்சையைக் கெடுக்காது.

மெட்டலாக்சிலும் பைட்டோப்தோராவை அடக்கும். ஆனால் அதை மான்கோசெப் சேர்த்தே பெரும்பாலும் விற்கிறார்கள். மான்கோசெப் நல்ல பூஞ்சையைப் பாதிக்கலாம். தாமிர மருந்தும் அப்படித்தான். இவற்றை வேரில் ஊற்றினால், இரண்டு வாரம் கழித்தே டிரைக்கோடெர்மா இட வேண்டும். இலைக்குப் போர்டோ கலவை தெளிக்கலாம். மயில்துத்தம் 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 100 லிட்டர்.

மருந்துப் பொட்டலத்தில் கம்பெனிப் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். மருந்தின் பெயர் பொடி எழுத்தில் இருக்கும். படிக்க வேண்டியது அந்தப் பொடி எழுத்தைத்தான்.

டிரைக்கோடெர்மாவை வீட்டிலேயே பெருக்கலாம். மட்கிய சாணம் 90 கிலோ, வேப்பம் புண்ணாக்கு 10 கிலோ எடுக்க வேண்டும். டிரைக்கோடெர்மா 1 அல்லது 2 கிலோ கலக்க வேண்டும். தண்ணீர் தெளித்து, நிழலில் குவித்து, ஈரச் சாக்கால் மூட வேண்டும். நாலைந்து நாளில் பச்சை பூக்கும். கிளறிவிட்டு இன்னும் மூன்று நாள் மூடி வைக்க வேண்டும். பிறகு மண் ஈரமாக இருக்கும்போது கொடியின் அடியில் இடலாம்.

இது உயிருள்ள பொருள். வெயிலில் வைத்தால் செத்துவிடும். வாங்கும்போது தேதியைப் பார்க்க வேண்டும். தேதி கடந்த பொட்டலத்தைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.