எஞ்சிய குடல்

உப்பளத்துக்கும் கடலுக்கும் நடுவே, அனுமந்தையில் நின்று இன்று குடலைப் பற்றிப் பேசப்போகிறேன். பாத்தியின் பரப்பு சுருங்கினால் விளைச்சல் சுருங்கும் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சிறுகுடலும் பரப்பை நம்பித்தான் பிழைக்கிறது. ஏறக்குறைய 6 மீட்டர் நீளம், உள்ளே மடிப்புகள், மடிப்பெங்கும் நுண்ணிய குடலுறிஞ்சிகள்.

குடலுக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபட்டாலும், பிறந்த குழந்தைக்குக் குடல் முறுக்கிக்கொண்டாலும், அழுகிய பகுதியை வெட்டி எடுத்தால்தான் உயிர் தங்கும். பெரியவர்களுக்கு 2 மீட்டருக்கும் குறைவாக மிஞ்சினால் குறுங்குடல் என்கிறோம். தின்றது உடம்பில் ஒட்டாது. 1968இல் ஸ்டான்லி டட்ரிக் குழுவினர் முழு ஊட்டத்தையும் சிரைவழியாகவே ஏற்றலாம் என்று அமெரிக்காவில் காட்டிய பிறகுதான் இவர்களுக்கு வழி பிறந்தது.

ஆனால் மிஞ்சிய குடல் சும்மா கிடப்பதில்லை. குடலுறிஞ்சிகள் நீள்கின்றன, குடல் விரிகிறது. இது ஓராண்டு, ஈராண்டு வரைகூட நடக்கும். வளரச் சொல்வது யார்? 1971இல் லண்டனிலிருந்து ஒரு பெண்ணைப் பற்றிய மருத்துவக் குறிப்பு வெளிவந்தது. சிறுநீரகத்தில் கட்டி, குடலுறிஞ்சிகளோ மிதமிஞ்சி வளர்ந்திருந்தன. கட்டியை எடுத்ததும் குடல் பழையபடி ஆயிற்று. கட்டி எதையோ சுரந்திருக்கிறது! அந்தத் தடயம் துலங்கக் கால் நூற்றாண்டு பிடித்தது. 1996இல் டொராண்டோவில் டேனியல் டிரக்கர் குழுவினர் சுண்டெலிகளில் காட்டிய அந்த வளர்ச்சிக் காரணி, ஜிஎல்பி-2. சிறுகுடலின் கடைப்பகுதியிலும் பெருங்குடலிலும் இருக்கும் செல்கள், உணவு வந்து சேர்ந்ததும் அதைச் சுரக்கின்றன.

ரத்தத்தில் அது சில நிமிடங்களே தாங்கும். அதன் 33 அமினோ அமிலங்களில் இரண்டாவதை மட்டும் மாற்றி, கூடுதல் நேரம் நிற்கும்படி செய்ததே டெடுகுளுடைடு. தினம் ஓர் ஊசி. 2012இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அனுமதி கிடைத்தது. 86 பேரிடம் 24 வாரம் நடந்த ஆய்வில், ஊசி பெற்றவர்களில் 63 சதவீதம் பேருக்குச் சிரைவழித் திரவத் தேவை ஐந்தில் ஒரு பங்காவது குறைந்தது. மருந்தில்லா ஊசி பெற்றவர்களில் 30 சதவீதம். குடலில் புற்றுநோய் உள்ளவர்களுக்கு இது ஆகாது. வளர்க்கும் மருந்து வேண்டாததையும் வளர்க்கும். அமெரிக்காவில் அறிமுகமானபோது ஆண்டுக்கு 2,95,000 டாலர் விலை. எந்த உப்பளத் தொழிலாளி வாங்குவார்?

அதனால்தான் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: ஜிஎல்பி-2 சுரக்கச் செய்வது உணவு. மருத்துவர் அனுமதித்த பிறகும் பயந்துகொண்டு வாரக்கணக்கில் வாயைக் கட்டிவைத்தால், குடலுறிஞ்சிகள் சூம்பிப் போகும். கொஞ்சம் கொஞ்சமாகவாவது சோறு உள்ளே போகவேண்டும்.

அடுத்தது உப்பு. குடலின் முனையை வயிற்றில் திறந்து பை வைத்திருப்பவரைக் கவனியுங்கள். தாகம் என்று செம்பு செம்பாகத் தண்ணீர் குடிக்கிறார். பை முன்னிலும் வேகமாக நிரம்புகிறது. குட்டையான மேல்குடலில் வெறும் தண்ணீர் உடம்பின் உப்பையும் இழுத்துக்கொண்டு வெளியேறுகிறது. இளநீரிலும் சோடியம் குறைவு. உப்பும் குளுக்கோஸும் சேர்ந்து உள்ளே போனால்தான் நீர் பின்தொடரும். 1971இல் வங்காள அகதி முகாமில் திலீப் மகலனாபிஸ் காலரா நோயாளிகளைக் காத்ததும் இந்த வழியில்தான். குறுங்குடல்காரருக்கான கரைசல் இது: ஒரு லிட்டர் தண்ணீருக்கு உப்பு 3.5 கிராம், குளுக்கோஸ் 20 கிராம், சமையல் சோடா 2.5 கிராம். மடக்கு மடக்காக, மருத்துவர் சொன்ன அளவுக்கு.

பெருங்குடல் மிஞ்சியவர்களுக்கு இன்னொரு துணையும் உண்டு. எளிதில் செரிக்காத மாவுச்சத்தை உப்புநீர்க் கரைசலோடு கொடுத்தால் காலரா நோயாளிகளின் வயிற்றுப்போக்கு குறைகிறது என்று வேலூர் சிஎம்சியின் ராமகிருஷ்ணா குழுவினர் 2000இல் வெளியிட்டார்கள். பெருங்குடல் நுண்ணுயிரிகள் அந்த மாவை நொதிக்கவைத்துத் தரும் அமிலங்கள், உப்பையும் நீரையும் உறிஞ்ச உதவுகின்றன. ஆய்வு காலராவுக்கு நடந்தது. பெருங்குடலின் அந்த வேலை குறுங்குடல்காரருக்கும் சோறு போடுகிறது.

இங்கே வந்திருக்கும் மருத்துவர்களிடமும் செவிலியர்களிடமும் ஒரு வேண்டுகோள். குடல் வெட்டப்பட்டவரை வீட்டுக்கு அனுப்பும்போது, எவ்வளவு குடல் மிஞ்சியது, பெருங்குடல் இருக்கிறதா என்பதை டிஸ்சார்ஜ் தாளில் தமிழில் எழுதுங்கள். எடை போட்டுக் கட்டிய உப்பு, குளுக்கோஸ், சமையல் சோடா பொட்டலங்களில் ஒரு மாதத்துக்கானதைக் கையில் கொடுத்து, கலக்கும் விதத்தை அவர் வீட்டாரையே உங்கள் முன்னால் ஒருமுறை செய்யச் சொல்லிப் பாருங்கள்.