இசைத்தட்டிற் சேர்ந்தவரும் சேராதவரும்

1977ஆம் ஆண்டு ஆகஸ்ட், செப்தெம்பர் மாதங்களில் அமெரிக்க ஐக்கிய நாடு வொயேஜர் எனப் பெயரிய இரு விண்கலங்களை ஏவிற்று. அவை ஒவ்வொன்றிலும் பொன்முலாம் பூசிய செப்பு இசைத்தட்டு ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. அறிவுடைய உயிர்கள் வேற்றுலகில் இருந்து, என்றேனும் ஒருநாள் அதனைக் கண்டெடுப்பின், இப்பூவுலகின் குரலைக் கேட்கட்டும் என்பது அனுப்பியோர் கருத்து. 55 மொழிகளில் வாழ்த்துரைகளும், பல நாடுகளிலிருந்து தெரிந்தெடுத்த 27 இசைப் பகுதிகளும் அதில் உள்ளன. வாழ்த்துரைத்த மொழிகளுள் சிங்களம் உண்டு, தெலுங்கு உண்டு, கன்னடமும் உண்டு, தமிழ் இல்லை. நேயர்கள் இதனை அறிந்து வைத்திருத்தல் நன்று. ஆயினும் இப்பேச்சின் பொருள் அதுவன்று.

ஜேர்மானிய இசைமேதை யொஹான் செபஸ்தியன் பாக் அத்தட்டில் மூன்று இடங்களைப் பெற்றார். அவருடன் சக் பெரி என்னும் கறுப்பின அமெரிக்கர் 1958இல் வெளியிட்ட 'ஜொனி பி. கூட்' என்ற றொக் பாட்டும் இடம் பெற்றது. நாட்டார் இசையாய்வில் நிகரற்றவரான அலன் லோமாக்ஸ், இது விடலைப் பருவத்தார்க்குரிய இசை என்று கூறி அதனைச் சேர்ப்பதை எதிர்த்தார். தெரிவுக்குத் தலைமை தாங்கிய வானியலறிஞர் கார்ல் சேகன், இவ்வுலகில் விடலைகளும் ஏராளமாக வாழ்கின்றனரே என்று விடையிறுத்தார். சுவையான விடைதான், ஆனால் முழுமையான விடையன்று. விடலைகளின் தொகை பெரிது என்பதற்காக ஒரு பாட்டு உயர்ந்துவிடுமா?

அப்பாட்டு உயர்ந்தது அதன் வேலைத்திறத்தால். மூன்று நிமிடங்களுக்குட்பட்ட காலத்தில், கல்வி குறைந்த நாட்டுப்புறச் சிறுவனொருவன் கிற்றாரினால் முன்னுக்கு வரும் கதையை அது சொல்லி முடிக்கின்றது. ஓரடி பாடியதும் கிற்றார் அதற்கு மறுமொழி கூறுகின்றது. வேண்டாத சொல் ஒன்றுமில்லை. அச்சிறுவனைக் கறுப்பினத்தவன் என்று வெளிப்படையாகச் சொல்லவே பெரி முதலில் எண்ணியிருந்தார். அவ்வாறு சொன்னால் வானொலி நிலையங்கள் ஒலிபரப்பமாட்டா என்றஞ்சிச் சொல்லை மாற்றினார். இதனைப் பின்னாளில் அவரே கூறியுள்ளார்.

இனி, பாக்கை அவர் காலத்தவர் எவ்வாறு மதித்தனர்? 1722இல் லைப்சிக் நகரசபை தேவாலய இசைத்தலைவர் பதவிக்கு முதலில் நாடியது தெலமானை, அவர் வரவில்லை. அடுத்து கிறவுப்னரை நாடிற்று; அவரை அவருடைய அரசர் விடவில்லை. சிறந்தோர் கிடையாவிடின் நடுத்தரமானவரை ஏற்கத்தான் வேண்டும் என்று சபையினர் ஒருவர் கூறியது ஏட்டிலே பதிவாகியுள்ளது. அந்த நடுத்தரமானவரே பாக்! 1737இல் ஷைப என்ற விமரிசகர், அவரது இசை இயல்பு கெட்டுச் சிக்கலுற்றுக் கிடக்கின்றதென எழுதினார். வொயேஜரில் சென்ற பிராண்டன்பேர்க் இசைத்தொடர் 1721இல் ஒரு சிற்றரசருக்குக் காணிக்கையாக்கப்பட்டது, அச்சேறியதோ 1850இல். பாக் 1750இல் இறந்தபின், அவர் மனைவி அன்னா மக்டலேனா பிறர் உதவியில் வாழ்ந்து 1760இல் மறைந்தார்.

பாக்குக்கும் பெரிக்கும் ஒரே அளவுகோல் பொருந்தாது. பாக் கடல், பெரியை அவ்வாறு கூறுவது மிகை. ஆனால் ஒரு கலையை மட்டமானது என்று தள்ளிவைக்கும் வழக்கத்தில் வேறொரு கேடும் உண்டு. மட்டமானது என்று முத்திரையிட்ட பண்டத்துக்குச் சொந்தக்காரன் யாரென்று எவரும் உன்னிப்பாகக் கேட்பதில்லை. 1955இல் பெரியின் முதற்பாட்டான 'மேபலின்' வெளிவந்தபோது, அதனை இயற்றியோராக அவருடன் மேலும் இருவர் பெயர்கள் பொறிக்கப்பட்டன. அவருள் ஒருவர் அப்பாட்டை ஓயாது ஒலிபரப்பிய வானொலி அறிவிப்பாளர் அலன் பிரீட். அவ்விரு பெயர்களும் நீங்கிப் பாட்டு பெரிக்கே முழுவுரிமையானது 1986இல். இடையே 31 ஆண்டுகள் கழிந்தன.

வொயேஜர் தட்டில் நூற்றுக்கு மேற்பட்ட படங்களும் பதிவாகியுள்ளன. அவற்றுள் சித்திரக்கதை ஏதுமில்லை. அக்கலைக்கு நேர்ந்த அவமதிப்பு இன்னும் பெரிது. 1954இல் உளமருத்துவர் பிரெட்ரிக் வேர்தம் சித்திரக்கதைகள் சிறுவரைக் குற்றத்துக்குத் தூண்டுகின்றன என்று நூலெழுதினார். அமெரிக்க மேற்சபையே விசாரணை நடத்திற்று. சில கதைகளில் குரூரம் மிகுந்திருந்தது உண்மையே. ஆயின் விசாரிக்கத்தக்க வேறொன்று விசாரிக்கப்படாது கிடந்தது.

கிளீவ்லண்ட் நகரத்து இளைஞர் இருவர், ஜெரி சீகல் எழுத, ஜோ ஷூஸ்டர் வரைய, 1938இல் சூப்பர்மன் தோன்றினான். ஷூஸ்டரின் கோடுகள் செப்பமற்றவை. ஆனால் அவற்றிலுள்ள வேகத்தைப் பின்வந்த கைதேர்ந்த ஓவியர் பலரிடம் காணமுடியாது. அக்கதைக்கும் அதன் உரிமை அனைத்துக்குமாக இருவருக்கும் கிடைத்தது 130 டொலர். 1947இல் வழக்காடினர், அதன்பின் அவர்கள் பெயர்களும் கதையிலிருந்து எடுக்கப்பட்டன. சூப்பர்மன் வானொலியிலும் திரையிலும் பறந்துகொண்டிருக்க, ஷூஸ்டர் பார்வை மங்கி வறுமையில் வாடினார். 1975இல், ஓவியரும் பத்திரிகைகளும் எழுப்பிய குரலின் பின்னர், நிறுவனம் ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 20,000 டொலர் கொடுக்க இசைந்தது. பெயர்களையும் மீண்டும் பொறித்தது.

ஷூஸ்டர் 1992இலும் சீகல் 1996இலும் காலமாயினர். அந்த 130 டொலரையும் வேறு வேலைகளுக்கான கூலியையும் சேர்த்து 1938இல் எழுதப்பட்ட 412 டொலர்க் காசோலை 2012இல் ஏலத்துக்கு வந்தது. அதனை ஒருவர் 160,000 டொலர் கொடுத்து வாங்கிச் சென்றார்.