ஒன்பதாம் வகுப்புக்கு வழிவிடுங்கள்

(திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில், எட்டாம் வகுப்பு முடித்த மாணவர்களின் வழியனுப்பு விழாவில் பேசியது)

முன்வரிசையில் முகம் நிறையப் பவுடரோடு உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளே!

எனக்கு முன்னால் பேசியவர்கள் உங்களை வானத்தைத் தொடச் சொன்னார்கள். நான் அவ்வளவு தூரம் போகவில்லை. நாலு கிலோமீட்டர் தள்ளியிருக்கிற உயர்நிலைப் பள்ளிக்குப் போய்ச் சேருங்கள் என்று சொல்லத்தான் வந்தேன். இந்த ஊரில் அதற்கே பெரும்பாடாக இருக்கிறது.

ஏன் என்று சட்டத்தைக் கேளுங்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், ஆறிலிருந்து பதினாலு வயதுவரை, எட்டாம் வகுப்புவரை, படிப்பு உன் உரிமை என்கிறது. அதோடு சரி. அதே பதினாலில்தான் இன்னொரு சட்டமும் கோடு கிழிக்கிறது. 2016இல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டம், பதினாலு நிறைந்துவிட்டால், ஆபத்தான தொழில் என்று பட்டியலிட்டது போக மற்ற வேலைக்கு வைத்துக்கொள்ளலாம் என்கிறது. பள்ளிக்கூடக் கதவு சாத்துகிற வயதில் தொழிற்சாலைக் கதவு திறக்கிறது. அந்த வாசலில் எது நிற்கிறது? மில் வேன் நிற்கிறது!

விடியுமுன்னே நம் தெருவில் ஹாரன் அடிக்கிற வேனைத்தான் சொல்கிறேன். கண்ணைக்கூடத் திறக்காமல், தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலில் சாய்ந்து தூங்குகிற பிள்ளைகளை நீங்கள் பார்த்ததில்லையா? சாயங்காலம் திரும்பும்போது தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருக்கும். முன்பு பெண்பிள்ளைகளை இப்படி மில் வேலைக்கு எடுப்பதற்குச் ‘சுமங்கலித் திட்டம்’ என்று பெயர் வைத்தார்கள். மூன்று வருஷம் வேலை பார்த்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் தருவோம் என்றார்கள். முழுப்பணமும் கைக்கு வராமல் திரும்பிய பெண்கள் எத்தனையோ பேர். இன்று அந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை. மில்லுக்கு ஆள் பிடிக்கிற புரோக்கர் மட்டும் அதே டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறார்.

அரசாங்கத்தையும் சும்மா விடமாட்டேன். சத்துணவுப் பிள்ளைகளுக்கு நாலு செட் சீருடை எட்டாம் வகுப்புவரைதான். மிதிவண்டி பதினொன்றாம் வகுப்பில்தான். தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள், நடுநிலை மூன்று, உயர்நிலை ஐந்து என்பது கணக்கு. அதாவது தூரம் கூடுவது ஒன்பதில். சைக்கிள் வருவது பதினொன்றில். நடுவில் இரண்டு வருஷம் பிள்ளை பறந்து போகுமா? சத்துணவு பத்தாம் வகுப்புவரை உண்டு, அதற்கு நன்றி. ஆனால் சாப்பிடுவதற்குப் பள்ளிக்கூடம் போய்ச் சேரவேண்டுமே ஐயா!

2022இல் புதுமைப் பெண் திட்டம் வந்தது, 2024இல் தமிழ்ப் புதல்வன் வந்தது. கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய். நல்ல திட்டங்கள்தான். ஆனால் ஆறு முதல் பன்னிரண்டுவரை அரசுப் பள்ளியிலோ, அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்து முடித்த பிள்ளைக்குத்தானே அந்த ஆயிரம்? எட்டோடு நின்ற பிள்ளை அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவும் முடியாது.

“காமராஜர் என்ன படித்தார், நாட்டையே ஆளவில்லையா” என்று திண்ணையில் ஒருவர் சொல்வார். எல்லா ஊரிலும் இப்படி ஒருவர் இருக்கிறார். படிப்பு பாதியில் நின்றுபோன அந்த மனிதர் 1954இல் முதலமைச்சரானதும் என்ன செய்தார்? பாதி நேரம் அப்பன் தொழிலைப் பழகு என்ற குலக்கல்வித் திட்டத்தைத் தூக்கிப் போட்டார். ஊர் ஊராகப் பள்ளி திறந்தார், மதியச் சோறு போட்டார். தனக்குக் கிடைக்காததை உன் பிள்ளைக்குக் கொடுத்தவர் பெயரைச் சொல்லியா உன் பிள்ளையை நிறுத்துகிறாய்?

தாய்மார்களே, “வயசுக்கு வந்த பிள்ளையை எப்படி பஸ்ஸில் அனுப்புவது” என்கிறீர்கள். புதுக்கோட்டையில் முத்துலட்சுமி என்ற பெண்ணையும் இதே காரணம் சொல்லித்தான் பள்ளியிலிருந்து நிறுத்தினார்கள். வீட்டிலிருந்தே படித்தார். பையன்கள் படிக்கிற மகாராஜா கல்லூரியில் சேர்க்கக் கூடாது என்று எதிர்ப்பு கிளம்பியது. மன்னர் தலையிட்டு இடம் கொடுத்தார். அங்கிருந்து மருத்துவக் கல்லூரிக்குப் போன முத்துலட்சுமி 1912இல் டாக்டராக வெளியே வந்தார். அடையாற்றுப் புற்றுநோய் மருத்துவமனை அவர் தொடங்கியது. உங்கள் மகளுக்கு மன்னர் வரவேண்டாம், நீங்கள் மனது வைத்தால் போதும்.

பிள்ளைகளே, இனி உங்களோடு. எட்டுவரை உங்களை யாரும் பெயில் போடவில்லை. அது நல்ல ஏற்பாடு என்பதுதான் என் கட்சி. ஆனால் வாசிக்கத் தடுமாறுகிற பிள்ளையையும் அது மூடி மறைத்துவிடும். ஒன்பதில் பெயில் உண்டு. அங்கே கணக்கு வாத்தியார் வேகமாகப் போவார். புரியவில்லை என்றால் எழுந்து நில்லுங்கள், சிரிக்கிறவன் சிரிக்கட்டும், அவனுக்கும் புரிந்திருக்காது. “பத்தாவதில் எங்கள் ரிசல்ட் கெட்டுவிடும், டி.சி. வாங்கிக்கொள்” என்று யாராவது நைசாகச் சொன்னால் வாங்காதீர்கள். அப்பா அம்மாவை அழைத்துக்கொண்டு போய்க் காரணத்தை எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். படிப்பை நிறுத்திக் கல்யாணம் பேசினால் குழந்தைகள் உதவி எண் 1098க்கு ஒரு போன், காசு கிடையாது.

கடைசியாக ஒரு வேலை. பள்ளி நேரத்துக்கு ஒரு பஸ் கேட்டு டெப்போ மேனேஜருக்கு மனு எழுதியிருக்கிறோம். எழுதியது எட்டாம் வகுப்புப் பெண்பிள்ளை ஒருத்தி. நான் ஒரு கமாவைக்கூட மாற்றவில்லை. இந்த மேசைமேல் இருக்கிறது. சாப்பாட்டுப் பந்திக்குப் போகுமுன் ஒவ்வொருவராக வந்து கையெழுத்துப் போடுங்கள். டீக்கடைப் புரோக்கரும் வந்திருக்கிறார், பார்த்தேன். அவரும் போடட்டும்.