கிணற்றைத்தான் சாப்பிடுகிறோம்



ஆடிப்பிறப்பன்று பேச ஒருவரைக் கூப்பிட்டால், அவர் ஆடிப்பிறப்பைப் பாடிய நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவரில் தொடங்கிப் புலவரிலேயே முடிப்பதுதான் வழக்கம். புலவரின் பாட்டைப் பிள்ளைகள் சற்றுமுன் என்னைவிட நன்றாகவே பாடிவிட்டார்கள். ஆகவே நான் பாட்டை விட்டுப் பானைக்குப் போகிறேன்.

அடுப்பில் கொதிக்கும் ஆடிக்கூழில் இருப்பது அரிசி மா, வறுத்த பயறு, தேங்காய்ப்பால், பனங்கட்டி. வரும்போது எட்டிப் பார்த்தேன். கிண்டிக்கொண்டிருந்த அக்கா காதோடு சொன்னார்: "பனங்கட்டி காணாது, பாதிக்குச் சீனிதான் போட்டனாங்கள்." அவரில் குறை சொல்ல வரவில்லை. அந்தப் பாதிச் சீனியைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

அதற்குக் கிணற்றிலிருந்து தொடங்கவேண்டும். எங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறு இல்லை. வழுக்கையாறு என்று ஒன்று உண்டு, அது மாரியில் மட்டும் ஓடும். 1950களில் பொறியியலாளர் ஆறுமுகம் யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு தர ஒரு திட்டம் போட்டார். அது இன்றுவரை அரைகுறையாகவே கிடக்கிறது. எங்களுக்கு இருப்பது ஐப்பசி, கார்த்திகையில் கொட்டும் மழையும், அதைப் பிடித்து வைத்திருக்கும் சுண்ணாம்புக்கல்லும்தான். கல்லுக்குள் நன்னீர், அதற்குக் கீழே கடல்நீர். கூட இறைத்தால் உவர் மேலே வரும். மண்ணில் எதைப் போட்டாலும் அது கல்லின் வெடிப்புகளால் இறங்கிக் கிணற்றுக்குப் போய்ச் சேரும். இங்கே விளைந்து எங்கள் கோப்பைக்கு வரும் மரக்கறியெல்லாம் பெரும்பாலும் இந்தக் கிணற்றிலிருந்து வந்ததுதான்.

துலா மிதித்து இறைத்த காலத்தில் ஆளின் களைப்பே கிணற்றுக்குக் காவலாக இருந்தது. பிறகு பம்பி வந்தது. 1970களில் அரசு இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. செத்தல் மிளகாயும் சின்ன வெங்காயமும் வலிகாமத்தில் கல்வீடுகள் கட்டித் தந்தன. 1977க்குப் பிறகு கப்பலில் மலிவு வெங்காயம் வந்தது. விலை விழுந்தது, ஆனால் பம்பியும் யூரியாப் பையும் தோட்டத்தை விட்டுப் போகவில்லை. பூவரசங்குழையும் பனையோலையும் தாட்ட செம்பாட்டு மண்ணில், ஆட்டுப்பட்டி அடைத்த மண்ணில், இப்போது பையைப் பிரித்துக் கொட்டுகிறோம். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். வலிகாமத்தில் பல கிணறுகள் அந்த எல்லையைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. கைக்குழந்தைகளுக்கு அது ஆபத்து. தோட்டம் மட்டும் காரணமில்லை, கிணற்றடியிலேயே வெட்டிய எங்கள் மலசலகூடக் குழிகளும் காரணம்.

உடனே கமக்காரரைத் திட்டப் புறப்படாதீர்கள். சந்தையில் ஒரு கத்தரிக்காயை எடுத்து நான்கு பக்கமும் திருப்பிப் பார்த்து, ஒரு சின்ன ஓட்டை தெரிந்தால் திரும்பக் கூடைக்குள் போடுவது யார்? நானும்தான். அந்த ஓட்டைக்குப் பயந்துதான் அவர் ஆய்வதற்கு முதல்நாள் பின்னேரமும் மருந்தடிக்கிறார். புழு தின்று உயிரோடிருந்த காயை ஒதுக்கிவிட்டு, புழுவும் தின்னாத காயை விலை கூடக் கொடுத்து வாங்கிக்கொண்டு போகிறோம்!

இதையெல்லாம் ஒரே இரவில் மாற்றலாம் என்பவர்களையும் நம்பாதீர்கள். 2021 மே மாதம் அசேதனப் பசளை இறக்குமதியை நிறுத்தினார்கள், விளைச்சல் விழுந்தது, நவம்பரில் திரும்ப அனுமதித்தார்கள். சேதனப் பசளை என்ற நல்ல சொல் அந்த ஏழு மாதத்தில் கெட்ட சொல்லாகிப்போனது. 1990க்குப் பின்வந்த போர்க்காலப் பொருளாதாரத் தடையில் யூரியாவும் எரிபொருளும் இல்லாமலே தோட்டம் செய்தோம் என்று பெருமை பேசுகிறவர்களும் உண்டு. அந்த நாட்களை நான் அழகுபடுத்தமாட்டேன். பசி பசிதான். ஆனால் அன்று எங்களைக் கைவிடாத ஒரு மரத்தை, தடை நீங்கிப் பாதை திறந்ததும் நாங்கள் கைவிட்டோம்.

பனை கிணற்றிலிருந்து ஒரு வாளி தண்ணீர் கேட்பதில்லை, பசளையும் கேட்பதில்லை. கிழங்கைப் பச்சையாகக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல், அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். முட்டியில் சுண்ணாம்பு தடவி இறக்கினால் கருப்பநீர், அதைக் காய்ச்சிக் குட்டானில் ஊற்றினால் பனங்கட்டி. போரில் பங்கர் மூடக் குற்றிகளாகத் தறித்தது போக மிச்சமும் எங்களிடம் நிறையவே நிற்கிறது. 1978இல் பனைக்கென்று ஒரு சபையே அமைத்தார்கள். பிறகு ஏன் பனங்கட்டி காணாது? ஏறுவதற்கு ஆளில்லை. ஏறியவரை முற்றத்துக்குள் விடாமல், சிரட்டையில் தண்ணீர் வார்த்த ஊர் இது. அவருடைய மகன் ஏறவில்லை என்றால் அது அவனுடைய குற்றமா? அந்தப் பிள்ளைக்கு மரியாதையும் நல்ல விலையும் கொடுக்காமல் பாரம்பரிய உணவு விழா வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

கடலைப் பற்றியும் ஒரு சொல். இழுவைமடி 2017இலிருந்து சட்டப்படி தடை. இந்திய றோலர்களை எதிர்த்து நாங்கள் ஊர்வலம் போகிறோம், போகத்தான் வேண்டும். ஊர்வலம் முடிந்து வரும் வழியில் சினை நண்டு தேடிப் பாசையூருக்குப் போகாமல் இருந்தால் இன்னும் நல்லது. சூடை மீனைப் பூனைக்கென்று வாங்குகிற வீடுகளும் உண்டு. அங்கே பூனைகள் நல்ல தேகத்தோடு இருக்கின்றன.

வீட்டுக்காரருக்கு நான் சொல்வது கொஞ்சம்தான். பிட்டுக்குக் கோதுமை மா கலப்பதைப் பாதியாகக் குறையுங்கள். இந்த நாட்டில் விளையாத தானியம் அது. கலக்கும் மற்றப் பாதிக்கு, மழையை மட்டும் நம்பிக் காலபோகத்தில் விளையும் மொட்டைக்கறுப்பனைக் கேட்டு வாங்குங்கள். கேட்டால்தான் கடைக்காரர் வைப்பார், அவர் வைத்தால்தான் யாரோ ஒருவர் விதைப்பார். ஓட்டைக் கத்தரிக்காயை அந்த ஓட்டையோடேயே வாங்குங்கள். வெட்டி எறிய ஒரு விரலளவுதான் இருக்கும்.

கூழ் இறக்கிவிட்டார்கள் போலிருக்கிறது, வாசம் வருகிறது. மேசையில் அடுக்கி வைத்திருக்கும் பிளாஸ்ரிக் கோப்பைகளையும் பார்த்துவிட்டேன். பனையோலையில் பிளா கோலத் தெரிந்த ஐயா ஒருவர் இரண்டாம் வரிசையில் இருக்கிறார். வேலிக்கு அந்தப்பக்கம் வடலி நிற்கிறது. சைக்கிளில் சாய்ந்து நிற்கும் தம்பிமாரில் இரண்டு பேர் போய் நாலு ஓலை வெட்டிக்கொண்டு வாருங்கள். அதுவரை நான் பேச்சை நிறுத்தி, ஐயாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கோலப் பழகுகிறேன்.