ஓதமும் ஓட்டமும்



எங்கள் விருதுநகர் மாவட்டத்திற்குக் கடற்கரை கிடையாது. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து மம்சாபுரத்தில் வாழும் ஒருவன், கடல் ஓதம் பற்றிய பிரெஞ்சு மாலுமிகளின் சொற்களை ஆங்கிலத்தில் பெயர்ப்பது குறித்துப் பேச வந்திருப்பது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். ஆயினும், அறிவியலைத் தமிழில் எழுத விழைவோர் அனைவருக்கும் அதில் ஒரு பாடம் உண்டு.

முதலில் நாமறிந்த கண்மாயைப் பார்ப்போம். மடை, வயலுக்கு நீர் விடுவது. கலுங்கு, மிகை நீரை வெளியேற்றிக் கரையைக் காப்பது. அந்நீர் ஓடிச் செல்லும் வழி மறுகால். மடை, கலுங்கு என்ற இரண்டையும் 'நீர் வெளியேறும் வாய்' என்றே ஒருவர் வேற்றுமொழியில் பெயர்த்துவிட்டார் என்று கொள்வோம். அதைப் படித்த அதிகாரி, மழைக்காலத்தில் அந்த வாய்களையெல்லாம் அடைக்கச் சொன்னால் கண்மாய்க் கரை என்னவாகும்? சொல்லின் பிழை ஊரின் கேடாய் முடியும் அன்றோ!

கடலிலும் இதே நிலைதான். பிரெஞ்சு மாலுமி தப்ரே த மன்விலெத் என்பவர் 1745-இல் 'நெப்டியூன் ஓரியாந்தல்' என்னும் கடல் வரைபடத் தொகுதியை வெளியிட்டார். திருத்திய பதிப்பு 1775-இல் வந்தது. இந்தியக் கரைகளைக் காட்டிய அத்தொகுதியை ஆங்கிலேயரும் போற்றினர். பின்னாளில் பிரிட்டிஷ் கடற்படையின் முதல் நீர்ப்பரப்பு வரைவாளரான அலெக்சாந்தர் டால்ரிம்பிள், அவருடன் கடிதத் தொடர்பு கொண்டிருந்தார். போர்க்களத்தில் பகைவராயிருந்தும், பாறையும் நீரோட்டமும் பற்றிய அறிவை அவர்கள் பகிர்ந்துகொண்டனர். அவ்வறிவு சொற்களின் வழியாகவே சென்றாக வேண்டும் என்பதை நினைவிற்கொள்க.

ஓதத்தில் இரு வேறு அசைவுகள் உள்ளன. நீர்மட்டம் உயர்ந்து தாழ்வது ஒன்று. நீர் கிடையாகப் பாய்வது மற்றொன்று. நீர் ஏறும்போது பாய்வதைப் பிரெஞ்சில் 'ஃப்ளோ' என்பர், ஆங்கிலத்தில் 'பிளட்'. இறங்கும்போது பாய்வது 'ஜூசான்', ஆங்கிலத்தில் 'எப்'. இவற்றில் இடர்ப்பாடு அதிகமில்லை. 'எத்தால்' என்னும் சொல்லில்தான் சிக்கல் தொடங்குகிறது. நீர்மட்டம் ஏறாமலும் இறங்காமலும் நிற்கும் நேரம் எத்தால். நீரோட்டம் ஓய்ந்து நிற்கும் நேரமும் எத்தால்தான். ஆங்கிலத்திலோ முன்னது 'ஸ்டாண்ட்', பின்னது 'ஸ்லாக்' எனத் தனித்தனிச் சொற்கள். இரண்டும் எப்போதும் ஒரே நேரத்தில் நிகழ்வதில்லை. நீர்மட்டம் உச்சத்தை எட்டிய பின்னரும், சில இடங்களில் ஓட்டம் நெடுநேரம் அதே திசையில் நீடிக்கும். மொழிபெயர்ப்பாளர் இங்கே சொல் மாற்றி எழுதினால், மாலுமி அமைதியான நீரை எதிர்பார்த்துக் கடுமையான ஓட்டத்தினுள் கப்பலைச் செலுத்துவான்.

மற்றொன்று 'கூரான்'. ஓதத்தால் எழும் ஓட்டத்திற்கும் பிற கடல் நீரோட்டங்களுக்கும் பிரெஞ்சில் இதுவே பொதுச்சொல். பிரிட்டிஷ் மாலுமிகளோ ஓதத்தால் எழுவதை 'ஸ்ட்ரீம்' என்றும், மற்றதைக் 'கரண்ட்' என்றும் பிரித்து வழங்குவர். ஒலி ஒத்திருக்கிறதே என்று கூரானை எங்கும் கரண்ட் ஆக்கினால் பொருள் மயங்கும்.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வரும் பேரோதத்தைப் பிரெஞ்சுக்காரர் 'உயிருள்ள நீர்' என்றும், அரைமதி நாள்களை ஒட்டிய சிற்றோதத்தை 'இறந்த நீர்' என்றும் பொருள்படும் சொற்களால் குறிப்பர். ஆங்கிலத்தில் 'இறந்த நீர்' என்பது முற்றிலும் வேறொரு கடல் நிகழ்ச்சிக்குப் பெயர். பேரோதத்திற்கு ஆங்கிலேயர் இட்ட பெயர் 'ஸ்பிரிங் டைட்'. இங்கே ஸ்பிரிங் என்பது துள்ளி எழுதல். இளவேனிலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. அகராதியை மட்டும் நம்பி 'வசந்த ஓதம்' என்று எழுதும் மாணவனை என்னென்பது!

பிரெஞ்சில் இத்துணைச் சொற்கள் தோன்றியதற்குக் காரணம் அவர்களுடைய கடலே. அந்நாட்டின் சான் மாலோ துறையில் பேரோத நாள்களில் நீர் 12 மீட்டருக்கு மேலும் ஏறி இறங்குவதுண்டு. நம் சென்னைக் கரையில் அது சுமார் 1 மீட்டர்தான். ஆகவே நம் மீனவர்க்கு ஓதத்தைவிடக் காற்றும் ஓட்டமுமே உயிர்நிலை. வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று திசைதோறும் காற்றுக்குப் பெயரிட்டார்கள். நீரோட்டத்தைத் தென்கரையில் 'நீவாடு' என்றார்கள். நமது கட்டுமரம் என்ற சொல்லையோ ஆங்கிலேயர் பெயர்க்க முயலவில்லை. 'கட்டமரான்' என அப்படியே எடுத்துக்கொண்டார்கள்.

இனி நாம் செய்யத்தக்கது என்ன? தமிழில் 'ஓதம்' என்னும் பழஞ்சொல் இருக்கிறது. ஈழத்து ஆசிரியர்கள் 'வற்றுப்பெருக்கு' என்று அழகாக எழுதினர். ஆனால் 'உயர் ஓதம்' என்று வாளா எழுதினால், அது நாள்தோறும் வரும் ஏற்றமா, அமாவாசைப் பெருக்கமா என்று மாணவன் திகைப்பான். மட்டத்திற்கு ஏற்றம், இறக்கம் என்றும், பாய்ச்சலுக்கு ஏற்ற ஓட்டம், வற்ற ஓட்டம் என்றும், மதியை ஒட்டிய வேறுபாட்டிற்குப் பேரோதம், சிற்றோதம் என்றும் வரையறுத்தால் மயக்கம் தீரும். மட்டம் நிற்பதை 'நிலை' என்றும், ஓட்டம் நிற்பதை 'ஓய்வு' என்றும் சொல்லலாம். இவற்றினும் சிறந்த சொற்கள் கடற்கரைச் சிற்றூர்களில் வழங்கக்கூடும். அவற்றைக் கேட்டுத் தொகுப்பது தமிழாசிரியர் கடமை.

ஒரு சொல்லைப் பெயர்க்குமுன், 'இங்கே அசைவது எது, எந்தத் திசையில், எப்போது நிற்கிறது?' என்று கேட்க வேண்டும். அந்த மூன்றுக்கும் விடை கண்ட பிறகே அகராதியைத் திறக்க வேண்டும்.