கைதியாய் வந்த பாட்டனார்



என் பாட்டனாருக்குப் பாட்டனார் கைதியாகச் சிங்கப்பூர் வந்தவர். யாரும் பெண் கொடுக்க மாட்டார்கள் என்று அஞ்சி, வீட்டில் இதை மூடியே வைத்தார்கள். 'கொத்தனார்' என்ற ஒரு சொல் மட்டுமே எனக்குக் கிடைத்தது. அதைப் பிடித்துக்கொண்டு தேடினேன்.

1825இல் பென்கூலனிலிருந்து முதலில் வந்திறங்கியவர்கள் சென்னை மாகாணக் கைதிகள் 80 பேர். பின்னாளில் செயிண்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தை எழுப்பியவர்களும் இந்தியக் கைதிகளே. சுண்ணாம்பு, முட்டை வெண்கரு, சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய நீர் சேர்த்துக் குழைத்த அதன் சாந்து நம் ஊர்க் கைவேலை. 1873இல் கைதிச் சிறை மூடப்பட்டது; விடுதலையானோர் பலர் இங்கேயே வேரூன்றினர்.

அன்பர்களே, தண்டனையை அவர் அனுபவித்துத் தீர்த்துவிட்டார். நாம் ஏன் இன்னும் மறைக்க வேண்டும்? இவ்வாண்டு ஆடி அமாவாசையன்று அவருக்கும் எள்ளும் நீரும் இறைத்தேன். உங்கள் இல்லத்துப் பெரியவர்களிடமும் இன்றே கேட்டு எழுதி வையுங்கள்.

அன்னை அருள் பெருகுக!